பேசாத கம்பியும் பொய் பேசும் கம்பியும்

சங்கரன்கோவிலிலிருந்து ஓர் அன்பர் கடிதம் எழுதியிருக்கிறார். மிளகாய் வற்றலைக் கப்பலேற்றுவதற்கு முன்னால் சோதித்துக் கொடுக்கும் சிறியதொரு பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு உத்தியோகம். அங்கே, கரைசலில் கலந்திருக்கும் பொருள்களைப் பிரித்து அளக்கும் வயதான எச்.பி.எல்.சி. கருவியொன்று இருக்கிறது. அதில் இருந்த புற ஊதா டிடெக்டரைக் கழற்றிவிட்டு, வேறொரு கூடத்தார் வேண்டாமென்று தள்ளிய ஒளிர்வு டிடெக்டர் ஒன்றைச் சகாய விலைக்கு வாங்கி மாட்டியிருக்கிறார்கள். பம்பைக் கணினி அடையாளம் கண்டுகொள்கிறது. மாதிரியைச் செலுத்தும் பெட்டியையும் கண்டுகொள்கிறது. டிடெக்டரை மட்டும் "இல்லை" என்று சாதிக்கிறது. "எல்லாக் கேபிளையும் கழற்றி மாட்டிப் பார்த்தாயிற்று. சர்வீஸுக்கு வந்தவர் மொத்தக் கருவியையுமே மாற்றச் சொல்கிறார். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்பது அவருடைய கேள்வி.

மாற்றச் சொல்வதில் சிரமம் ஒன்றுமில்லை. பணம் கொடுக்கிறவர் வேறொருவராக இருக்கும்போது அது இன்னும் சுலபம். செருகினால் போதும், தானாக ஓடும் என்று முப்பது வருஷமாக விளம்பரத்தில் அச்சிட்டு வருகிறவர்களே இப்போது அந்த இடத்தில் செயற்கை அறிவு என்ற பதத்தைச் சேர்த்து அச்சிடுகிறார்கள் என்பதைத் தவிர, புதுக் கருவிகளின் பின்பக்கத்தில் கம்பிகளின் சிக்கல் பெரிதாகக் குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அன்பரின் கருவியை விற்க வேண்டியதில்லை என்பதே என் அபிப்பிராயம். ஆனால் டிடெக்டரைக் காணோம் என்று கணினி சொல்வதை அவர் ஒரு துரதிர்ஷ்டமாகக் கருதுகிறாரே, அதில்தான் நான் மாறுபடுகிறேன். கண்டுகொள்ளாத டிடெக்டரால் யாருக்கும் கெடுதல் இல்லை. கண்டுகொண்டதைப்போல் பாவனை செய்து தப்பான கோட்டை வரைந்து கொடுக்கும் டிடெக்டரே அபாயம்.

ஏன் அபாயம் என்பதற்கு மிளகாயையே பார்ப்போம். களத்தில் சரியாகக் காயாமல் ஈரத்தோடு மூட்டை கட்டிய வற்றலில் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்ஸின் என்னும் நஞ்சு உண்டாகிறது. கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமென்று நிரூபணமான பொருள் அது. அதன் வகைகளில் கொடியதான பி1, ஒரு கிலோ வற்றலில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் ஐரோப்பிய நாடுகள் சரக்கை ஏற்பதில்லை. நூறு கோடிப் பங்கில் ஐந்து பங்கு என்பது அதன் கணக்கு. இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: 2025 அக்டோபரில் நாட்டையே உலுக்கிய கோல்ட்ரிஃப் இருமல் மருந்து விவகாரத்தில், டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு அந்த மருந்தில் 48.6 சதவிகிதம் இருந்ததாகத் தமிழ்நாட்டு அரசின் பரிசோதனைக் கூடம் கண்டறிந்தது. அவ்வளவு பெரிய குற்றத்தை எந்த ஓட்டைக் கம்பியும் மறைத்துவிட முடியாது. நூறு கோடியில் ஐந்தை மறைப்பதற்கோ, தப்பான துளையில் செருகிய ஒரு கம்பியே தாராளமாகப் போதும். 365 நானோமீட்டர் ஒளியை வாங்கிக்கொண்டு 435 நானோமீட்டர் சுமாரில் நீலமாகத் திருப்பி உமிழும் அஃப்ளடாக்ஸினின் குணத்தை நம்பித்தான் ஒளிர்வு டிடெக்டரை மாட்டுகிறார்கள். அந்த மங்கிய நீலம் கணினித் திரையில் ஒரு சிறு முகடாக வந்து சேரவேண்டுமானால் அது கடக்கவேண்டிய கடைசி வழி, கருவியின் முதுகில் தொங்கும் கேபிள்தான்.

சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேண்டாதவர்கள் இந்தப் பாராவைத் தாண்டிப் போகலாம். இலைப் பச்சையத்தைச் சுண்ணாம்புத் தூள் நிரப்பிய குழலில் இறக்கிப் பிரித்த ரஷ்யத் தாவரவியலார் ஸ்வெட், 1906-இல் அந்த வித்தைக்குக் குரோமட்டோகிராஃபி என்று பெயரிட்டார். மார்ட்டினும் சிஞ்சும் 1952-இல் அதன் வளர்ச்சிக்காக நோபல் பரிசு பெற்றார்கள். அளக்கும் கருவிகளைக் கணினியோடு கோக்க ஹியூலெட்-பக்கார்ட் கம்பெனி 1960-களின் பிற்பகுதியில் அமைத்த கேபிள் முறை, 1975-இல் ஐ.இ.இ.இ.-488 என்ற எண்ணோடு பொதுச் சட்டமாயிற்று. பிற்பாடு ஷிமாட்சுவின் எல்.சி.-10ஏ வரிசை ஒளியிழையில் பேசியது. 1995-இல் வந்த ஹியூலெட்-பக்கார்டின் 1100 வரிசை, மோட்டார் வாகனங்களுக்காக ஏற்பட்ட கேன் என்ற கம்பி முறையைக் கடன் வாங்கியது. போதும்.

அன்பரின் கருவியில் இருப்பது அந்த 488 கேபிள்தான் என்பது, அவர் அனுப்பிய புகைப்படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செருகியிருக்கும் தடித்த தலைகளைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. என்னைப் பொறுத்தவரை, பழைய கருவிகளில் இதைக் காட்டிலும் ரசிக்கத்தக்க வேலைப்பாடு வேறில்லை. கேபிளில் 24 ஊசிகள். தரைக்கும் கவசத்துக்கும் போனது போக மீதி 16-இல் எட்டு செய்தியைச் சுமக்கின்றன, ஐந்து நிர்வாகம் பார்க்கின்றன, மூன்றே மூன்று கம்பிகள் ஒழுங்கைக் காக்கின்றன. அந்த மூன்றில் முதலாவது, "செய்தி வைத்தாயிற்று" என்று பேசுகிற கருவி அறிவிக்கும் கம்பி. இரண்டாவது, "நான் இன்னும் தயாராகவில்லை" என்றும், மூன்றாவது, "நான் இன்னும் வாங்கி முடிக்கவில்லை" என்றும் கேட்கிற கருவிகள் சொல்லும் கம்பிகள். இவ்விரண்டும் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவானவை. சும்மா விட்டால் மின்னழுத்தத்தில் உயர்ந்து நிற்கும். எந்த ஒரு கருவி கீழே இழுத்தாலும் கம்பி முழுவதும் தாழ்ந்துவிடும். ஆகையால் அது மீண்டும் உயரவேண்டுமானால், ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் விட்டுவிட்டிருக்க வேண்டும். "எல்லோரும் தயாரா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டு எண்ணிக் கணக்கெடுக்கும் வேலையைக் கணக்கே தெரியாத ஒரு செப்புக் கம்பி செய்து முடிக்கிறது!

ஆடித்தபசுக் காலத்தில் சங்கரன்கோவில் மண்டகப்படி விருந்தில் பந்தி நடப்பதைப் பார்த்தவருக்கு இது புதிதாக இராது. சாம்பார் வாளியோடு நிற்பவர் பேசுகிற கருவி. இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்கிற கருவிகள். இலையின்மேல் கையைக் குறுக்கே வைத்திருப்பவர் தயாராகவில்லை. அத்தனை கைகளும் விலகினால்தான் வாளி சரியும். அத்தனை பேரும் உண்டு முடித்தால்தான் ரசம் புறப்படும். இதனால் பந்தியின் வேகத்தை நிர்ணயிக்கிறவர் பரிமாறுகிறவரும் அல்ல, அவசரக்காரரான புது மாப்பிள்ளையும் அல்ல. கடைசி இலையில் பல்லில்லாமல் அப்பளத்தை நமநமவென்று மென்றுகொண்டிருக்கும் பெரியவரே. அவர் இலையில் கையை வைத்தபடி கண்ணயர்ந்துவிட்டால் பந்தி முழுவதும் ஸ்தம்பித்துப்போகும். ஆனால் யாரும் பட்டினியாக எழுந்து போகமாட்டார்கள், ஒரு கரண்டியும் வீணாகாது. ஒரே இலைக்கு இருவர் உட்கார்ந்தால் என்ன நேரும் என்பதையும், பெயர் சொல்லி அழைக்கும்போது காலி இலையிலிருந்து பதில் வராது என்பதையும் வாசகர்களே ஊகிக்கலாம். பாயசத்துக்கு எந்த ஊசி என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதிலில்லை. இதற்குமேல் இழுத்தால் இலை கிழிந்துவிடும்.

ஆக, அன்பரின் கணினி பம்போடு நன்றாகப் பேசுகிறது என்பதிலிருந்தே ஒழுங்குக் கம்பிகள் மூன்றையும் எந்தக் கருவியும் முடக்கவில்லை என்று தீர்மானிக்கலாம். ஏனெனில் ஒரு கருவியைப் பெயர் சொல்லி அழைக்கும் உத்தரவை அந்தக் கேபிளில் உள்ள எல்லாக் கருவிகளும் வாங்கியாக வேண்டும். குற்றம் பெரும்பாலும் அட்ரஸில் இருக்கும். டிடெக்டரின் முதுகில் அரிசி மணியளவு வெள்ளைச் சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். அவற்றை மேலும் கீழும் தள்ளி 0 முதல் 30 வரை ஓர் எண்ணை அட்ரஸாக அமைக்கிறோம். முன்பிருந்த கூடத்தில் வைத்த எண் அப்படியே இருக்கிறதா, கணினியில் எழுதியிருக்கும் எண் அதுதானா, அதே எண் பம்புக்கும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல கருவிகள் சுவிட்சை மின்சாரம் போடும் கணத்தில் மட்டுமே படிக்கின்றன. எண்ணை மாற்றிவிட்டு அணைத்துப் போடாதவர் நாள் முழுவதும் கேபிளையே கழற்றி மாட்டிக்கொண்டிருக்கலாம். அடுக்கிய தலைகளைக் கவனிக்கையில் திருகாணியின் நிறத்தையும் பாருங்கள். கறுப்புத் திருகாணி மெட்ரிக் மரை. வெள்ளித் திருகாணி அங்குல மரை. ஒன்றை மற்றதில் பலவந்தமாக முறுக்கிச் செருகிய தலை, இறுகினதுபோல் தோன்றி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். மொத்தக் கேபிள் 20 மீட்டருக்குள், ஒரு கருவிக்கு 2 மீட்டர் வீதத்துக்குள் இருக்கட்டும். கோத்த கருவிகளில் மூன்றில் இரண்டு பங்காவது மின்சாரத்தோடு இருக்கட்டும். பம்பும் சேர்ந்து ஊமையானால் மட்டும், ஒவ்வொன்றாகக் கழற்றி, கண்ணயர்ந்தவரைக் கண்டுபிடியுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் டிடெக்டர் தெரியவில்லையானால் வருந்த வேண்டாம். அந்த 488 சட்டம் பந்தி ஒழுங்கைத்தான் விதித்ததே தவிர, பேசும் பாஷையை விதிக்கவில்லை. ஒரு கம்பெனியின் பம்புக்கும் மற்றொரு கம்பெனியின் டிடெக்டருக்கும் கேபிள் பொருந்தும், வாக்கியம் பொருந்தாது. அப்போது எல்லோரும் போகிற பழைய வழி, டிடெக்டரின் முதுகிலுள்ள அனலாக் துளையிலிருந்து இரண்டு கம்பியை இழுத்து, வோல்ட்டை எண்ணாக மாற்றும் பெட்டிக்குக் கொடுப்பது. உடனே கோடு ஓட ஆரம்பிக்கும், எல்லோருக்கும் சந்தோஷம். பொய் தொடங்குவது இந்த இடத்தில்.

பழைய டிடெக்டர்களில் பெரும்பாலும் இரண்டு வெளியீடுகள் இருக்கும். ஒன்று காகிதத்தில் பேனா ஓட்டிய காலத்து ரிக்கார்டருக்காக, முழு அளவே 10 மில்லிவோல்ட். மற்றது ஒரு வோல்ட். ஒரு வோல்ட்டை எதிர்பார்க்கும் பெட்டிக்கு முந்தியதைக் கொடுத்தால் முகடுகள் நூறில் ஒரு பங்காகச் சுருங்கும். ஒப்பிடுவதற்காகச் செலுத்தும், அளவு தெரிந்த திட்டக் கரைசலும் அதே கம்பியில் வருவதால் அதுவும் அதே விகிதத்தில் சுருங்கும், கணக்கு நேராகவே வரும் என்று ஒருவர் வாதிக்கலாம். பெரிய முகடுகளுக்கு அந்த வாதம் செல்லும். ஆனால் பெட்டியின் சொந்த இரைச்சல் சுருங்குவதில்லையே! நூறு கோடியில் ஐந்துக்கான முகடு அந்த இரைச்சலில் மூழ்கிப்போய், நஞ்சுள்ள வற்றலுக்கு "காணப்படவில்லை" என்ற சான்றிதழ் கிடைக்கும். இதற்கு நேர்மாறாக, ஒளிர்வு டிடெக்டரின் பெருக்கத்தை அளவுக்கு மீறி உயர்த்தினால் அடர்த்தியான திட்டக் கரைசலின் முகடு ஒரு வோல்ட்டில் முட்டி மொட்டையாகிவிடும். திட்டம் குறைவாகத் தெரிவதால் மாதிரி அதிகமாகத் தெரியும். நல்ல சரக்கு நிராகரிக்கப்படும். அடிக்கோடு பூஜ்யத்துக்குக் கீழே நழுவியிருக்கையில் எதிர்மறை வோல்ட்டை ஏற்காத பெட்டியாக இருந்தால் சிறிய முகட்டின் பாதம் வெட்டுப்படும். இரு முனையிலும் கவசத்தைத் தரைக்கு இணைத்தால் வீட்டு மின்சாரத்தின் 50 சுழற்சி உள்ளே புகுந்து கோட்டைத் தடிக்க வைக்கும். கவசத்தை ஒரு முனையில் மட்டும் இணையுங்கள். இவற்றில் ஒன்றுக்குக்கூடக் கணினி எச்சரிக்கை தராது. ஆகவே, மாதிரியைத் தொடுவதற்கு முன்னால், அளவு தெரிந்த கரைசலைப் பாதி, கால், அரைக்கால் என்று நீர்க்கவைத்துச் செலுத்தி, முகடும் அதே விகிதத்தில் இறங்குகிறதா என்று பார்த்துவிடுவது அவசியம். வேறு எந்தப் பரீட்சையையும் நான் இதற்கு மேலாக மதிப்பதில்லை.

கம்பியைப் போலவே குழாயும் ஓர் இணைப்பு. ஒரு கம்பெனியின் துளையில் குழாய் 2.3 மில்லிமீட்டர் உள்ளே போகும், மற்றொன்றில் 3.3, முந்தியதில் குழாயைச் சுற்றி இறுகிய ஃபெரூல் என்னும் வளையத்தைப் பிந்தியதில் மாட்டினால் கசியாது, ஆனால் குழாய் நுனிக்கு முன்னால் ஒரு மில்லிமீட்டர் வெற்றிடம், ஏறக்குறைய 2 மைக்ரோலிட்டர், நின்றுவிடும். முகடுகள் அங்கே தயங்கி வால் விடும். ஃபெரூலைப் புதிதாகப் போடுவதே வழி. அதன் விலை அற்பம். புற ஊதா டிடெக்டரையும் கூடவே வைத்துக்கொள்ள விரும்பினால் ஒளிர்வு டிடெக்டரைக் கடைசியில் வையுங்கள். அதன் குவார்ட்ஸ் அறை பின்னழுத்தத்தைத் தாங்காது, பலவற்றில் 20 பார்தான் எல்லை.

கடிதத்தில் அன்பர் குறிப்பிடாத விஷயம் ஒன்று இருக்கிறது. அஃப்ளடாக்ஸின் வகைகளில் பி1-உம் ஜி1-உம் நீர் கலந்த கரைப்பானில் சரியாக ஒளிர்வதில்லை. புரோமின் சேர்த்தோ, 254 நானோமீட்டர் விளக்கைச் சுற்றிய சுருள் குழாயில் செலுத்தியோ அவற்றை மாற்றியமைத்த பிறகே டிடெக்டருக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் கூடத்தில் இவ்விரண்டில் ஒரு வழியும் இல்லையென்றால் டிடெக்டரைக் கணினி கண்டுகொண்டும் பிரயோஜனமில்லை. சுருள் வாங்கினால் அது அரை மில்லி முதல் ஒரு மில்லி வரை கொள்ளும். நிமிஷத்துக்கு ஒரு மில்லி ஓடும் கருவியில் ஒவ்வொரு முகடும் அரை நிமிஷத்திலிருந்து ஒரு நிமிஷம் வரை பிந்தி வரும். கணினியோ பழைய நேரத்திலேயே தேடிவிட்டு, இல்லையென்று எழுதிவிடும். சுருளை மாட்டும் அன்றைக்கே முகடுகளின் நேரப் பட்டியலையும் மாற்றி எழுதிவிடச் சொல்லி அவருக்குப் பதில் போட்டிருக்கிறேன்.