இங்க்ஸ்கேப்பில் கோலத் தூரிகை

கோலத் தூரிகை என்பது திசையன் வரைகலையில் ஒரு சிறு வடிவத்தைக் கோடு ஒன்றின் நெடுகத் திரும்பத் திரும்பப் பதிக்கும் கருவி ஆகும். கொடி, சங்கிலி, கயிறு, கரை வேலைப்பாடு ஆகியவற்றை வரைய இது பயன்படுகிறது. அடோபி இல்லஸ்ட்ரேட்டரில் இது தூரிகை வகைகளுள் ஒன்று. கட்டற்ற மென்பொருளான இங்க்ஸ்கேப்பில், 2008இல் வெளிவந்த 0.46 பதிப்பு முதல், 'பேட்டர்ன் அலாங் பாத்' என்னும் பாதை விளைவு இப்பணியைச் செய்கிறது. எனவே இல்லஸ்ட்ரேட்டர் பயிற்சிகளை இதில் அப்படியே பின்பற்ற இயலாது.

செய்முறை

1. வடிவத்தை வரைந்து பாதையாக மாற்றவும். பல துண்டுகள் இருப்பின் 'கம்பைன்' கட்டளையால் ஒரே பாதையாக்கவும்.
2. அதனை நகலெடுக்கவும்.
3. பேனாக் கருவியால் அடிப்படைக் கோட்டை வரையவும்.
4. கோட்டைத் தெரிவு செய்து, மேற்கண்ட விளைவைச் சேர்த்து, நகலெடுத்த வடிவத்தை அதனுடன் இணைக்கவும்.
5. 'ரிப்பீட்டட், ஸ்ட்ரெட்ச்டு' என்பதைத் தெரிவு செய்தால், வடிவம் சற்றே நீண்டு கோடு முழுவதையும் இடைவெளியின்றி நிரப்பும்.

வரம்புகள்

இல்லஸ்ட்ரேட்டரில் பக்கம், வெளிமூலை, உள்மூலை, தொடக்கம், முடிவு என ஐந்து இடங்களுக்கும் தனித்தனி வடிவம் தரலாம். இங்க்ஸ்கேப்பின் விளைவு ஒரே வடிவத்தையே வளைப்பதால், கூரிய மூலைகளில் அது சிதையும். மென்மையான வளைவுகளே ஏற்றவை. மேலும், வடிவத்தின் நிறம் நீங்கி அடிப்படைக் கோட்டின் நிறமே அமையும். பல நிறங்கள் வேண்டுமெனில் இதே பெயருள்ள நீட்சியைப் பயன்படுத்தலாம். ஆனால் பின்னர் கோட்டைத் திருத்தினால் வடிவம் உடன் மாறாது.

கோப்பு அமைப்பு

எஸ்விஜி தரத்தில் தூரிகை என்னும் கூறு இல்லை. ஆகவே இங்க்ஸ்கேப், கணித்துப் பெற்ற பாதையையும் மூலக் கோட்டையும் சேர்த்தே சேமிக்கிறது. உலாவிகள் முன்னதைக் காட்டும்; பின்னதை இங்க்ஸ்கேப்பில் எப்போதும் திருத்தலாம்.