வணிகப் படிப்பு நம் வீட்டுப் பிள்ளைக்கு வேண்டாமா?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் சமயத்தில் கடைத்தெருவில் ஒரு பேச்சு அடிபடும். "பையன் நல்ல மார்க், சயின்ஸ் குரூப் கிடைத்துவிட்டது" என்று ஒருவர் மகிழ்வார். "மார்க் போதவில்லை, காமர்ஸ்தான் கிடைத்தது" என்று இன்னொருவர் குரலைத் தாழ்த்திச் சொல்வார். இரண்டு பேரும் வியாபாரிகள். இரண்டு வீட்டிலும் அடுப்பெரிவது வியாபாரத்தால்தான். அந்த வியாபாரத்தைச் சொல்லிக் கொடுக்கும் படிப்பை மட்டும் தாழ்ந்த படிப்பாக எண்ணுகிறோம். இது முறைதானா என்று வணிக அன்பர்கள் சிந்திக்க வேண்டும்.

மருத்துவம், பொறியியல் என்று ஆசைப்படும் பிள்ளையைத் தடுக்கச் சொல்லவில்லை. எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் உழைத்துப் படிக்கிற பிள்ளை முன்னேறும். ஆனால் நாளைக்குக் கல்லாவில் உட்காரப் போகிற பிள்ளையையும் 'கௌரவத்துக்காக' வேறு பிரிவில் தள்ளுவது யாருக்கு லாபம்?

தமிழ்நாட்டில் பிளஸ் டூ எனப்படும் மேல்நிலைக் கல்வி 1978-ஆம் ஆண்டு தொடங்கியது. வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் ஆகிய மூன்றும் வணிகப் பிரிவின் முக்கியப் பாடங்கள். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்தச் சுரைக்காய் கடைத்தெருவில் காய்த்தது என்பதை அவர்கள் அறிய வேண்டும். பற்று, வரவு என்று பள்ளியில் கற்பிக்கும் இரட்டைப் பதிவு முறை, இத்தாலியில் வெனிஸ் நகர வியாபாரிகள் தங்கள் கடைகளில் கையாண்டு வந்த முறை. லூக்கா பாசியோலி என்ற கணித அறிஞர் அதை விளக்கி 1494-இல் அச்சிட்டார். பள்ளிக்கூடம் கடையிடம் கற்றுக்கொண்டதை, நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கற்கிறார்கள். அவ்வளவுதான்.

புத்தகத்தில் நம் கடை

2019-இல் வந்த பாடத்திட்டத்தின் பிளஸ் டூ கணக்குப்பதிவியல் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். முதல் பாடமே முழுமை பெறாத பதிவேடுகளிலிருந்து கணக்கு எடுப்பது பற்றியது. சிட்டையில் பாதி, சட்டைப் பையில் பாதி, ஞாபகத்தில் மீதி என்று நடக்கும் கடையில் ஆண்டு லாபம் எவ்வளவு என்று கண்டுபிடிக்கும் வழி அதில் இருக்கிறது. அத்தகைய கடைகள் நம் தெருவில் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

கூட்டு வியாபாரம் பற்றிய பாடங்களும் அதில் உண்டு. அண்ணன் தம்பிகள் சேர்ந்து நடத்தும் கடைகள் நம்மிடையே ஏராளம். வாய்மொழியாகப் பேசிக்கொண்டு பத்திரம் எழுதாமல் விட்ட கடைகளும் உண்டு. அப்படிப்பட்ட கடையில் தகராறு வந்தால் 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? ஒருவர் பத்து லட்சம், மற்றவர் இரண்டு லட்சம் போட்டிருந்தாலும் லாபம் சமபாகம். போட்ட முதலுக்கு வட்டி கிடையாது. விடியற்காலையில் கடை திறந்து இரவு வரை உழைத்த பங்காளிக்குத் தனிச் சம்பளம் கிடையாது. முதலுக்கு மேல் கடனாகக் கொடுத்த பணத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 6 சதவீதம் வட்டி. இவை பதினேழு வயதுப் பிள்ளை படித்துத் தேர்வு எழுதும் விஷயங்கள். ஐம்பது வயதுப் பங்காளிகளோ இவற்றை வக்கீல் அலுவலகத்தில்தான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறார்கள்!

கடையின் நற்பெயருக்கு மதிப்புப் போடுவதும் அதே புத்தகத்தில் இருக்கிறது. சராசரி ஆண்டு லாபம் 4 லட்சம், இரண்டு ஆண்டு லாபம் என்று ஒப்புக்கொண்டால் நற்பெயரின் மதிப்பு 8 லட்சம். பாதிப் பங்குள்ளவர் விலகினால் அவருக்கு அதில் 4 லட்சம் சேர வேண்டும். இந்தக் கணக்கு தெரியாமல் "பெயர் என்னுடையது, இடம் என்னுடையது" என்று மோதிக்கொண்டு, கல்யாணத்துக்கும் சாவுக்கும் போகாமல் பிரிந்த குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம்.

இரண்டு சதவீதம் எங்கே போயிற்று?

மொத்த வியாபாரத்தில் லாபம் மெல்லியது. ஒரு லட்ச ரூபாய்ச் சரக்கை 2 சதவீதம் வைத்து விற்றால் கையில் நிற்பது 2,000 ரூபாய். அதை இரண்டு மாதக் கடனுக்குக் கொடுத்தால், பாங்கு வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், வட்டியே 2,000 ரூபாய். லாபம் முழுவதும் தீர்ந்தது. கடை வாடகையும் மூட்டை இறக்கு கூலியும் கைமுதலிலிருந்து போகும்.

சரக்கு ஆண்டுக்கு எத்தனை தடவை சுழல்கிறது என்று பார்ப்பதும் பாடத்தில் உண்டு. 5 லட்ச ரூபாய் முதல் 5 சதவீத லாபத்தில் ஆண்டுக்கு 4 முறை சுழன்றால் கிடைப்பது ஒரு லட்சம். அதே முதல் 2 சதவீத லாபத்தில் 12 முறை சுழன்றால் 1,20,000. சதவீதத்தை மட்டும் பார்ப்பவர் ஏமாந்து போவார்.

பொருளியலும் அப்படித்தான். 'தேவை நெகிழ்ச்சி' என்றால் பயந்துவிட வேண்டாம். உப்பு விலை இரண்டு ரூபாய் ஏறினாலும் வீட்டில் உப்பு குறையாது. முந்திரி விலை ஏறினால் பாயசத்தில் முந்திரி பாதியாகிவிடும். எந்தச் சரக்கின் விலையைக் குறைத்தால் விற்பனை கூடும், எதில் குறைத்தால் நஷ்டம் மட்டும் மிஞ்சும் என்பது இதில் அடங்கியிருக்கிறது.

2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு இந்த அறிவு இன்னும் அவசியமாகிவிட்டது. நாம் வரி சேர்த்துப் பணம் கொடுத்திருந்தாலும், விற்றவர் அந்தப் பில்லைத் தம் ரிட்டர்னில் ஏற்றாவிட்டால் நமக்கு உள்ளீட்டு வரி கழிவு கிடைக்காது. ஆடிட்டர் ரிட்டர்ன் போட்டுத் தருவார். பில்லுக்குப் பில் சரிபார்ப்பது கடையில் இருப்பவர் வேலை.

நாம் செய்யக் கூடியவை

பள்ளிப் படிப்பில் குறை இல்லாமல் இல்லை. வரையறைகளை மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கும் மாணவர் ஒரு வரி பில்லைக் கையில் தொட்டிராமல் வெளியே வருகிறார். இதைப் பள்ளியின் தலையில் மட்டும் போட்டுவிட முடியாது. நம் பேரேடுகளை நாம் எப்போது காட்டினோம்?

ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளியின் வணிகவியல் ஆசிரியரைக் கண்டு பேசலாம். பெயர்களை மறைத்த பழைய பில்கள், சலான்கள், காசோலைப் படிவங்களின் நகல்களைக் கொடுக்கலாம். ஆண்டுக்கு ஒரு நாள் மாணவர்களை மண்டிக்கு அழைத்து, சரக்கு வருவதிலிருந்து பணம் வசூலாவது வரை காட்டலாம். கடைப் பணியாளர்களின் பிள்ளைகள் இந்தப் பிரிவில் படித்தால் புத்தகம், பயிற்சிக் கட்டணம் கொடுத்து உதவலாம். பிளஸ் டூ முடித்ததும் சி.ஏ. படிப்பின் முதல் நிலைத் தேர்வுக்குப் பதிவு செய்யலாம் என்பதையும் எடுத்துச் சொல்லலாம்.

பெண் பிள்ளைகளை மறந்துவிடக் கூடாது. வணிகவியலைக் கருத்தாகப் படித்த மகள் வீட்டில் இருக்க, கணக்கைப் பார்க்க வெளியில் ஆள் தேடுவது விந்தை. கடையில் அவளுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.

வீட்டில் பிளஸ் டூ வணிகப் பிரிவில் படிக்கும் பிள்ளை இருந்தால், வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தை எடுத்து, பிள்ளையின் புத்தகத்தோடு வைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். பத்திரமே இல்லை என்றால், என்னென்ன எழுத வேண்டும் என்று அந்தப் பிள்ளையையே குறித்துத் தரச் சொல்லுங்கள்.