மருத்துவமனையில் சொல்லும் முதல் பதில்

பட்டாசு வேலைக்கும் காட்டு வேலைக்கும் போகும் குடும்பங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை

விருதுநகர் மாவட்டத்தின் கரிசல் காடுகளில் புரட்டாசியில் விதைத்தால் தை, மாசியில்தான் வெள்ளாமை வீடு வந்து சேரும். மக்காச்சோளம், பருத்தி, சோளம், உளுந்து எல்லாமே பெரும்பாலும் வானம் பார்த்த பயிர்கள். மற்ற மாதங்களில் சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை வட்டார ஊர்களில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது பட்டாசு ஆலைக் கூலிதான். ஒரே வீட்டில் ஒருவர் காட்டுக்கும், இன்னொருவர் ஆலைக்கும் போவது இங்கே சாதாரணம். ஆபத்தும் அப்படியே இரண்டு பக்கமிருந்தும் வருகிறது. ஒரு பக்கம் தீ. மறு பக்கம் பூச்சிமருந்தும் பாம்பும்.

ஆபத்து நேரத்தில் இந்தக் குடும்பங்கள் இழப்பது இரண்டு. எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது என்ற குழப்பத்தில் நேரம் போகிறது. போய்ச் சேர்ந்த பிறகு, "எப்படி நடந்தது?" என்று மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்குச் சொல்லும் பதில் தவறினால், வர வேண்டிய இழப்பீடும் போகிறது. இரண்டையும் தவிர்க்க முடியும். எங்கே போவது, என்ன சொல்வது, எந்தத் தாளை வாங்கிவைப்பது என்ற மூன்றும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தால் போதும்.

எங்கே போவது?

2022 ஜனவரி 12-ம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவற்றில் ஒன்று விருதுநகர். அதற்கு முன்பு பெரிய சிகிச்சை என்றாலே மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். சிவகாசியிலிருந்து மதுரை சுமார் 70 கிலோமீட்டர். விருதுநகர் அதில் பாதித் தூரம்கூட இல்லை.

சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களில் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. சிவகாசி அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு உண்டு. சிவகாசியில் தொழிலாளர்களுக்கான ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையும் இருக்கிறது. காய்ச்சல், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, சிறு காயம் ஆகியவற்றுக்கு ஆரம்ப சுகாதார நிலையமே போதும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை.

பெரிய விபத்து என்றால் முதலில் 108-ஐ அழைப்பதே நல்லது. ஆம்புலன்ஸில் ஆக்ஸிஜன் இருக்கும், பயிற்சி பெற்ற உதவியாளர் இருப்பார், எந்த மருத்துவமனைக்குப் போகலாம் என்பதும் அவருக்குத் தெரியும். வண்டி வர நேரமாகும் என்று தெரிந்தால், கிடைக்கும் வாகனத்தில் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். நேராகப் பெரிய மருத்துவமனைக்கே போய்விடலாம் என்று பக்கத்து மருத்துவமனையைத் தாண்டிப் போவது பல நேரம் தவறாகிவிடுகிறது. தீக்காயத்தில் உடலின் நீர் வேகமாகக் குறையும். குளுக்கோஸ் ஏற்றாமல் 70 கிலோமீட்டர் போனால், போகும் வழியிலேயே நிலைமை மோசமாகலாம்.

"மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறோம்" என்று மருத்துவர் சொன்னால் பதற வேண்டாம். கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்துத் தெரிந்தவர் சொல்லும் இடத்துக்குக் கூட்டிப் போகவும் வேண்டாம். மூன்று கேள்விகள் கேளுங்கள். என்ன மருந்து கொடுத்திருக்கிறீர்கள்? பரிந்துரைச் சீட்டில் அதை எழுதியிருக்கிறதா? ஆம்புலன்ஸில் அனுப்புவீர்களா? அந்தச் சீட்டு கையில் இருந்தால், அடுத்த மருத்துவமனையில் சிகிச்சையை விட்ட இடத்திலிருந்து தொடருவார்கள்.

தீப்பட்டால் முதல் 20 நிமிடம்

2012 செப்டம்பர் 5-ம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் கிட்டத்தட்ட 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள் அல்லர். புகையைப் பார்த்து, உதவி செய்யவும் வேடிக்கை பார்க்கவும் ஓடிய பக்கத்து ஊர்க்காரர்கள். ஓர் அறை வெடித்தால் அடுத்த அறையும் வெடிக்கலாம். தீயணைப்புத் துறையினர் சொல்லும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. வெளியே வந்துவிட்டவர்களைக் கவனிப்பதே ஊரார் செய்யக்கூடிய உதவி.

உடையில் தீ பிடித்தால் ஓடக் கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும், அல்லது கனமான பருத்தித் துணியால் போர்த்தி அணைக்க வேண்டும். உடம்பில் மருந்துத்தூள் ஒட்டியிருந்தால் முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட வேண்டும். பிறகு 20 நிமிடம் சாதாரணக் குளிர்ந்த நீரை ஓடவிட வேண்டும். ஐஸ் வைக்கக் கூடாது. வளையல், மோதிரம், கொலுசு, அரைஞாண் கயிறு ஆகியவற்றை வீக்கம் வருவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். தோலோடு ஒட்டிய துணியை இழுக்கக் கூடாது. பேனா மை, பற்பசை, மாவு, மஞ்சள், முட்டை எதையும் பூசக் கூடாது. அவை காயத்தில் கிருமி சேர வழி செய்யும், காயத்தின் ஆழத்தையும் மறைத்துவிடும். துவைத்த வெள்ளை வேட்டியால் தளர்வாக மூடிக் கூட்டிப் போனால் போதும்.

காயத்தின் அளவைக் கணிக்க ஓர் எளிய வழி உண்டு. காயம்பட்டவரின் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை, அவர் உடம்பில் ஏறக்குறைய 1 சதவீதம். பெரியவருக்கு 15 உள்ளங்கை அளவுக்கு மேலும், குழந்தைக்கு 10 உள்ளங்கை அளவுக்கு மேலும் வெந்திருந்தால் அது பெரிய தீக்காயம். முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பட்டால் அளவு குறைவாக இருந்தாலும் மருத்துவமனையில் காட்ட வேண்டும். குரல் கம்மினாலோ, மூக்கு முடி கருகியிருந்தாலோ, எச்சிலில் கரி வந்தாலோ மூச்சுக்குழல் பாதிக்கப்பட்டிருக்கலாம். அப்படிப்பட்டவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

என்ன சொல்வது?

அவசரப் பிரிவில் மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். இதைத்தான் 'ஏ.ஆர்.' பதிவு என்கிறார்கள். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், எப்படி நடந்தது, யார் கூட்டி வந்தார் என்பவை அதில் இருக்கும். காவல் துறை விசாரணை, ஈ.எஸ்.ஐ. பணப்பலன், தொழிலாளர் இழப்பீடு எல்லாவற்றுக்கும் இந்தப் பதிவுதான் முதல் ஆதாரம்.

ஆலையில் பட்ட காயத்தை "அடுப்பு வெடித்தது" என்றோ "வீட்டில் விளக்கு சாய்ந்தது" என்றோ சொல்லும்படி யார் கேட்டாலும் இசையக் கூடாது. "செலவை எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற வாக்குறுதி சில வாரங்களில் நின்றுபோனால், பதிவேட்டில் இருக்கும் பொய் மட்டுமே மிஞ்சும். கை விரல்கள் மடங்காமல் போன ஒரு பெண், தன் காயம் வேலையில் பட்டதுதான் என்று ஆறு மாதம் கழித்து நிரூபிப்பது மிகக் கடினம். அனுமதி இல்லாத இடத்தில் வேலை பார்த்திருந்தாலும், வீட்டில் வைத்துத் திரி செய்திருந்தாலும் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். என்ன மருந்து, எப்படிப்பட்ட வெடி என்று தெரிந்தால்தான் சிகிச்சையும் சரியாக நடக்கும்.

போலீஸ் கேஸ் என்று சொல்லி எந்த மருத்துவமனையும் முதல் சிகிச்சையை மறுக்க முடியாது. உயிர் காப்பதே முதல் கடமை, சட்ட நடைமுறைகள் அதற்குப் பிறகுதான் என்று 1989-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

எந்தத் தாள்?

பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளி பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். மாதம் 15,000 ரூபாய் வாங்குபவருக்கு அவர் பங்கு 112 ரூபாய் 50 காசு, முதலாளி பங்கு 487 ரூபாய் 50 காசு. இந்தச் சிறு தொகைக்கு அவருக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம் கிடைக்கிறது.

சாதாரண நோய்க்கு விடுப்பு எடுத்தால், தகுதியுள்ள நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அதற்கு ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பங்களிப்பு இருக்க வேண்டும். வேலையில் நடந்த விபத்துக்கு இந்த நாள் கணக்கு கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும், குணமாகும் வரை 90 சதவீதம் உண்டு. தினக்கூலி 600 ரூபாய் என்றால் நாளைக்கு 540 ரூபாய். உயிரிழந்தால் குடும்பத்துக்கு மாத உதவித்தொகை உண்டு. காப்பீட்டு எண் இருக்கிறதா என்பதை வேலைக்குச் சேரும்போதே கேட்டு, அந்தப் பத்து இலக்க எண்ணைக் குடும்ப அட்டையின் பின்னால் எழுதிவைக்க வேண்டும்.

ஈ.எஸ்.ஐ. இல்லாத விவசாயக் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதியலாம். நோயாளி படுக்கையில் கிடக்கும்போது வருமானச் சான்றுக்கு அலைவதைவிட, வேலை இல்லாத ஒரு நாளில் போய்ப் பதிந்துவிடுவது நல்லது. தனியார் மருத்துவமனையில் சேரும்போது, "இந்தச் சிகிச்சை காப்பீட்டில் வருமா?" என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

வீடு திரும்பும்போது சிகிச்சைச் சுருக்கம், மருந்துச் சீட்டுகள், விபத்துப் பதிவின் நகல் ஆகியவற்றைக் கேட்டு வாங்கி ஒரே பையில் போட்டுவைக்க வேண்டும்.

காட்டில் ஆபத்து என்றால்

மக்காச்சோளப் படைப்புழுவுக்கு மருந்து அடிப்பவர் மயங்கினால், முதலில் அவரைக் காட்டைவிட்டு வெளியே கொண்டுவந்து, உடையைக் கழற்றி, சோப்பு போட்டு உடம்பைக் கழுவ வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மருந்து டப்பாவை மறக்காமல் மருத்துவமனைக்கு எடுத்துப் போக வேண்டும். அதில் உள்ள முக்கோணத்தின் நிறம் நச்சின் அளவைக் காட்டும். சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. மாற்று மருந்தின் பெயரும் லேபிளில் இருக்கும். டப்பா இல்லாமல் "ஏதோ புழு மருந்து" என்று சொன்னால் மருத்துவர் ஊகித்துத்தான் சிகிச்சை தொடங்க வேண்டியிருக்கும்.

பாம்பு கடித்தால் கயிறு கட்டுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் கெடுதல். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. ரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா என்ற சோதனையும், கண் இமை தொங்குதல் போன்ற அறிகுறிகளுமே எந்த வகை நஞ்சு என்று காட்டிவிடும். கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ அதிகம் இருக்காது. வலி இல்லை என்று வீட்டில் படுத்துவிடுவதுதான் உயிரைப் பறிக்கிறது.

வாசகர் கேள்விகள்

"என் மனைவி பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறார். ஈ.எஸ்.ஐ. பிடிப்பதாகச் சொல்கிறார்கள், ஆனால் அட்டை தரவில்லை. விபத்து நடந்தால் என்ன செய்வது?"

அட்டை கையில் இல்லாவிட்டாலும் காப்பீட்டு எண் இருந்தால் போதும். அதை ஆலை அலுவலகத்தில் கேளுங்கள். தராவிட்டால், சம்பளச் சீட்டையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போங்கள். விபத்து நடந்தால் முதலில் பக்கத்து மருத்துவமனைக்குப் போய்விட்டு, பிறகு ஈ.எஸ்.ஐ.க்குத் தகவல் சொல்லலாம்.

"நான் வேலை பார்க்கும் இடத்தில் ஈ.எஸ்.ஐ.யே இல்லை. அடிபட்டால் ஒன்றும் கிடைக்காதா?"

கிடைக்கும். வேலையில் பட்ட காயத்துக்கு இழப்பீடு தர வேண்டியது முதலாளியின் பொறுப்பு. இரண்டு ஆண்டுகளுக்குள் தொழிலாளர் துறையில் மனு கொடுக்க வேண்டும். அங்கேயும் முதலில் பார்ப்பது விபத்துப் பதிவைத்தான்.

"அப்பாவுக்குத் தீக்காயம் ஆறிவிட்டது. ஆனால் முழங்கை நீட்ட வரவில்லை. இனி சரியாகுமா?"

தீக்காயம் ஆறும்போது தோல் சுருங்கும். உடற்பயிற்சி சிகிச்சையை விட்டுவிட்டால் மூட்டு மடங்கியபடியே நின்றுவிடும். சிகிச்சைச் சுருக்கத்தோடு விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மதுரை அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், காப்பீட்டில் செய்ய வழி இருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள். தாமதம் செய்ய வேண்டாம்.

கதவுக்குப் பின்னால் எழுதிவைக்க

ஆம்புலன்ஸ்: 108
மருத்துவ ஆலோசனை: 104
முதலமைச்சர் காப்பீடு: 1800 425 3993
ஈ.எஸ்.ஐ. உதவி எண்: 1800 11 2526

இவற்றின் கீழே வீட்டில் ஒவ்வொருவரின் ரத்த வகையையும், தினமும் சாப்பிடும் மாத்திரையின் பெயரையும், ஈ.எஸ்.ஐ. எண்ணையும் எழுதிவைக்க வேண்டும். ஆபத்து நேரத்தில் வீட்டில் இருப்பது பள்ளிக்கூடம் போகும் பிள்ளையாக இருக்கலாம். அந்தப் பிள்ளை வாசிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.