உழைப்புதானுங்க

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் அறுபது வயதுக்காரர் எவரிடமாவது, "எப்படிங்க இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "உழைப்புதானுங்க" என்பார். அப்புறம் கதை விரியும். காட்டில் மழை இல்லாமல் போனது, பதினாலு வயதில் டெய்லருக்குக் கையாளாக, அதாவது கைமடியாகச் சேர்ந்தது, டெய்லராகி ஒன்றரை ஷிப்ட் பார்த்தது, கூட்டாளிகள் இரண்டு பேரோடு நாலு மெஷின் வாங்கிப் போட்டது. காதர்பேட்டையிலிருந்து அவிநாசி ரோடு வரை இந்தக் கதை ஆளுக்கு ஆள் சின்ன மாற்றத்தோடு கிடைக்கும்.

கேட்கும் படித்தவர்கள் பொதுவாக இரண்டில் ஒன்று செய்கிறார்கள். அப்படியே நம்பித் தன்னம்பிக்கைக் கட்டுரை எழுதுகிறார்கள். அல்லது, முதலாளி தன்னைப் பற்றி வேறென்ன சொல்வார் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மூன்றாவது வழி ஒன்று உண்டு. பதிலை மதித்து, அதை விடாமல் பிடித்துக்கொண்டு மேலே கேட்பது. அப்படிக் கேட்ட சில ஆய்வாளர்கள் இந்த வட்டாரத்துக்கு வந்து போயிருக்கிறார்கள். அவர்கள் கேட்டு அறிந்தது திருப்பூர்க்காரர்களுக்குச் சேர வேண்டிய சொத்து என்று நினைக்கிறேன். டீ வரட்டும், நிதானமாகச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் இங்கே வந்து தங்கியவர் சரத் சாரி. புவியியல் துறைக்காரர். முதலாளிகள், காண்ட்ராக்டர்கள், தொழிலாளர்கள், சங்கத்துக்காரர்கள் என்று பலரிடமும் பேசி, 2004-ல் 'ஃபிரட்டர்னல் கேப்பிடல்' (சகோதர மூலதனம்) என்ற நூலாக வெளியிட்டார். திருப்பூரைப் பற்றி வந்தவற்றில் நான் முதலிடம் கொடுப்பது அதற்குத்தான். அவர் போன இடமெல்லாம் இந்த "உழைப்பு" என்ற பதில் வந்தது. அதை அவர் வெறும் பெருமைப் பேச்சாகத் தள்ளவில்லை. இத்தனை பேர் ஒரே மாதிரி சொல்கிறார்களே, இந்த உழைப்பு எந்த மாதிரி உழைப்பு, இதை எங்கே கற்றார்கள் என்று கேட்டார்.

அவருக்குக் கிடைத்த விடை தோட்டத்தில் இருந்தது. கொங்கு நாட்டு நிலம் காவிரிப் பாசன நிலம் போன்றதல்ல. ஆழமாகக் கிணறு வெட்டி, மாடு பூட்டிக் கவலை ஓட்டி இறைத்தால்தான் பயிர். பெரிய பண்ணையார்களை விட்டுவிட்டால், சாதாரண கவுண்டர் குடும்பங்களில் நிலத்துக்காரரும் பண்ணையாளோடு சேர்ந்தே வேலை செய்தார். வருஷக் கூலிக்கு இருந்த பண்ணையாட்கள் பெரும்பாலும் மாதாரிகள் என்ற தலித் சமூகத்தார். நிலத்துக்காரர் தண்ணி கட்டுவார், பக்கத்து வரப்பில் மாதாரி நிற்பார். இரண்டு பேர் உடம்பிலும் ஒரே வேர்வை. ஆனால் மகசூல் ஒருவருக்கு, கூலி இன்னொருவருக்கு. வேலை செய்துகொண்டே வேலை வாங்குவது என்ற வித்தை அங்கே பழகியது.

அறுபது எழுபதுகளில் இந்தக் கவுண்டர் குடும்பங்களின் பிள்ளைகள் பனியன் கம்பெனிகளில் தொழிலாளிகளாக நுழைந்தார்கள். அப்போது கம்பெனி வைத்திருந்தவர்களில் முஸ்லிம்கள், செட்டியார்கள் என்று பல சமூகத்தார் இருந்தார்கள். பவர் டேபிள் ஓடும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் சாரி சொல்வது விளங்கும். நீளமான மேஜை, ஒரு மோட்டார், அதன் தண்டிலிருந்து பெல்ட் போட்டு ஓடும் மெஷின்கள். ஓவர்லாக்காரர் தோள் சேர்த்துத் தள்ளுவார். கைமடி அதை வாங்கி, நூலை வெட்டி, அடுத்த மெஷினுக்கு நகர்த்த வேண்டும். ஃப்ளாட்லாக்காரர் கீழ்மடிப்பு அடிப்பார். ஒரு கை தாமதித்தால் பின்னால் கட்டு குவியும், முன்னால் மெஷின் சும்மா நிற்கும். இந்த ஓட்டத்தைக் காகிதத்தில் எழுதிக் கற்க முடியாது. அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தவர் முதலாளி ஆனால், எங்கே தொய்கிறது என்பது அவருக்கு உடனே தெரியும். தேவைப்பட்டால் தானே மெஷினில் உட்காருவார். "நானும் உங்களை மாதிரி இருந்தவன்தான்" என்று சொல்லி வேலை வாங்குவார். அந்த வார்த்தைக்கு எதிர்வார்த்தை சொல்வது தொழிலாளிக்குக் கஷ்டம்.

ஆக, உழைப்பு என்ற பதில் பொய்யில்லை. ஆனால் உடன் நின்று வேலை வாங்கும் பழக்கமும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. பக்கத்து வரப்பில் நின்றவரின் பிள்ளையும் அதே அளவு உழைத்தார். நூல்காரனிடம் கடன் சொல்ல அவருக்கு யாருடைய பேர் இருந்தது? ஈடு காட்ட எந்தக் காடு இருந்தது?

இங்கே இன்னொரு ஆய்வாளரை நினைக்கிறேன். பிரெண்டா பெக், மானுடவியலாளர். 1964 முதல் 1966 வரை காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கியவர். காங்கயம் இன்று திருப்பூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. கொங்குச் சமூகத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1972-ல் வந்தது. ஆனால் அவர் செய்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அண்ணன்மார் கதையைப் பாடகர்களிடம் உட்கார்ந்து கேட்டு, டேப்பில் பதிந்து வைத்தார். பொன்னர், சங்கர் என்ற நிலக்கிழார்ச் சகோதரர்களின் கதை. அதில் சாம்புகன் என்று ஒருவன் வருவான், பறையர் குலத்தவன். எல்லாக் காரியத்திலும் அவன் துணை நிற்பான். அவன் இல்லாமல் அந்தக் கதை நகராது. கோயில்களில் இரவிரவாகப் பாடிக் கேட்ட கதையில் சாம்புகனுக்குப் பேர் இருக்கிறது, இடம் இருக்கிறது. ஆனால் அதே மண்ணில் பிறந்தவர்கள் தங்கள் கம்பெனிக் கதையைச் சொல்லும்போது, கூட நின்றவர்களின் பேர் வருவதில்லை. நம் பாட்டன்மார் கதையில் செய்த நியாயத்தை நாம் நம் கதையில் செய்யவில்லை என்பது எனக்கு வருத்தம்.

சாரி கேட்டது வாய்ப்பேச்சு. பொருளாதாரக்காரர்கள் கேட்டது கணக்கு. அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் தொண்ணூறுகளில் திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளில் கணக்கெடுத்து, 2004-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 2019-ல் நோபல் பரிசு பெற்ற அதே பானர்ஜிதான். அவர்கள் போட்ட கணக்கு எளிமையானது, ஆனால் ஒவ்வொரு படியாகப் பார்க்க வேண்டும்.

ஒரு பக்கம் உள்ளூர் கவுண்டர் சமூகத்தார் நடத்தும் கம்பெனிகள். இன்னொரு பக்கம் வெளியிலிருந்து வந்தவர்கள் நடத்தும் கம்பெனிகள். மெஷின், கட்டடம் என்று போட்ட முதலைப் பார்த்தால், ஆரம்பத்திலும் சரி, வருஷங்கள் போன பிறகும் சரி, உள்ளூர்க்காரர்களுக்கே அதிகம். ஏன் அதிகம்? திறமைசாலிக்குப் பணம் சேரும் என்று ஒருவர் சொல்லலாம். அப்படியானால் உற்பத்தியும் அவர்களிடம்தானே வேகமாக வளர வேண்டும்? நடந்தது வேறு. குறைந்த முதலோடு, குறைந்த உற்பத்தியோடு தொடங்கிய வெளியூர்க்காரர்கள் வேகமாக வளர்ந்து முந்திப் போனார்கள். எனவே பணம் திறமையைத் தேடிப் போகவில்லை, உறவைத் தேடிப் போயிருக்கிறது. இதுதான் அவர்கள் கண்டது.

இதில் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. பருத்தியிலும் நிலத்திலும் சேர்ந்த பணம் ஒரு குடும்பத்தில் இருக்கிறது. அதை முன்பின் தெரியாதவரிடம் கொடுத்தால் திரும்பி வருமா? சம்பந்தியிடம் கொடுத்தால் வரும். வராவிட்டால் கேட்க நாலு பேர் இருக்கிறார்கள். கோர்ட்டும் பாங்கும் கொடுக்காத உறுதியைக் கல்யாணப் பந்தல் கொடுக்கிறது. அதனால்தான் பணம் சுற்றிச் சுற்றி ஒரே வட்டத்துக்குள் வருகிறது. வட்டத்துக்கு வெளியே இருக்கும் கெட்டிக்காரருக்கு அது எட்டுவதில்லை. நஷ்டம் அவருக்கு மட்டுமல்ல, ஊருக்கும்தான்.

மனித சுபாவம் என்று நாம் பொதுவாகப் பேசுவதில் ஒரு முக்கியமான சங்கதி இங்கே இருக்கிறது. பாங்கில் வாங்கிய லோன் நமக்கு ஞாபகம் இருக்கும், ஏனென்றால் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், வட்டி கட்டியிருக்கிறோம். மாமன் கொடுத்த பணம் கணக்கில் வராது, உறவில் வந்துவிடும். "மாமா கொஞ்சம் பார்த்துக்கிட்டாரு" என்பதோடு முடிந்துவிடும். ஆகவே தன் கதையைத் திரும்பிப் பார்க்கும் மனிதருக்கு, கண்ணில் படுவது தன் உழைப்பு மட்டும்தான். அவர் மறைக்கவில்லை. அவருக்கே அது தெரிவதில்லை.

இரண்டு ஆய்வையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் முரண் போலத் தெரியும். சாரி தொழில் நுணுக்கத்தைச் சொல்கிறார், இவர்கள் பணத்தைச் சொல்கிறார்கள். என் எண்ணம் என்னவென்றால், இரு தரப்பாரும் இரண்டு தலைமுறையைப் பார்த்தவர்கள். கைமடியாக ஆரம்பித்து, உள்நாட்டு பனியன் தைத்து முதலாளி ஆனவர்கள் முதல் தலைமுறை. எண்பதுகளில் ஏற்றுமதி சூடுபிடித்த பிறகு தொழிலுக்குள் வந்தவர்களில் பலர், அப்பாவோ பெரியப்பாவோ ஏற்கெனவே போட்டுவைத்த முதலின் மேல் நின்று ஆரம்பித்தார்கள். "உழைப்புதானுங்க" என்பது அப்பாவின் வாயில் பெரும்பாலும் உண்மை. மகன் அதே வார்த்தையைச் சொல்லும்போது பாதி உண்மை. பேரன் சொன்னால், இன்னும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

இதுவரை முதலாளியிடம் கேட்டதுதான். தொழிலாளியிடம் கேட்டால் வேறு வரலாறு வரும். 1984-ல் பஞ்சப்படிக்காக இந்த ஊர் 127 நாள் வேலைநிறுத்தம் பார்த்தது. அந்த நாட்களில் அடுப்பு எரிந்த விதத்தைப் பற்றிப் பேசினால் உழைப்பு என்பது வேறு அர்த்தத்தில் ஒலிக்கும். நொய்யல் ஆற்றங்கரை விவசாயியிடம் கேட்டாலும் அப்படித்தான். சாயக் கழிவு கலந்த தண்ணீரால் கெட்டுப்போன காட்டில் அவரும் உழைத்துத்தான் பார்த்தார். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் அவர் பேச்சு ஊருக்குள் சத்தமாகக் கேட்டது.

கீர்ட் டி நேவ் என்ற மானுடவியலாளர் பல வருஷங்களாக இந்த வட்டாரத்தில் தொழிலாளர்களிடம் பேசி எழுதிவருகிறார். அவர் கவனித்த ஒன்று என்னை நிறைய யோசிக்க வைத்தது. ஐரோப்பியக் கடைக்காரர்கள் கேட்கும் விதிமுறைகளுக்கு ஏற்ப நடக்கும் பெரிய கம்பெனியில் நேரம் உண்டு, பி.எஃப். உண்டு, இ.எஸ்.ஐ. உண்டு. இருந்தும் டெய்லர்கள் பலர் அங்கே நிற்பதில்லை. சந்துக்குள் இருக்கும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுக்குப் பீஸ் ரேட்டில் போய்விடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், காசு மட்டும் காரணமாக வரவில்லை. பெரிய கம்பெனியில் நேரத்துக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், சூப்பர்வைசர் தலைமேல் நிற்பார், அவசரத்துக்கு வெளியே போக முடியாது. சின்ன இடத்தில் வேண்டும்போது வரலாம், மரியாதை கெட்டால் அடுத்த யூனிட்டுக்குப் போகலாம். தன் நேரம் தன் கையில் இருக்க வேண்டும் என்ற ஆசை முதலாளிக்கு மட்டும் உரியதல்ல என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை. இதைச் சாக்காக வைத்து, பி.எஃப். யாருக்கும் வேண்டாம் என்று முடிவு கட்டுவது அநியாயம். மரியாதையும் பாதுகாப்பும் ஒரே கூரைக்கடியில் கிடைக்காததால்தான் அவர் ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்கிறார்.

பெண்களின் நிலை இன்னும் இறுக்கம். பல காலம் செக்கிங், நூல் வெட்டுதல், மடித்தல் என்றே அவர்களை வைத்திருந்தார்கள். ஏற்றுமதி வந்த பிறகு ஏராளமான பெண்கள் மெஷினில் உட்கார்ந்தார்கள். ஆனால் கைமடியிலிருந்து டெய்லர், டெய்லரிலிருந்து காண்ட்ராக்டர், அப்புறம் முதலாளி என்ற ஏணி ஆண்களுக்கே போட்டது. ராத்திரி ஷிப்ட் முடித்துக் கூட்டாளிகளோடு பேக்கரியில் உட்கார்ந்து தொழில் பேச யார் அவர்களை விட்டார்கள்? சாரி தன் நூலுக்குச் சகோதரத்துவத்தைத் தலைப்பாக வைத்தது காரணமில்லாமல் இல்லை.

இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் இந்த மெஷின்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய ஏணி அவர்களுக்கு இருக்கிறதா? காண்ட்ராக்ட் எடுத்துத் தனியாகப் பவர் டேபிள் போட்டவர் அவர்களில் உண்டா? உண்டென்றால் நூலையும் துணியையும் யார் நம்பிக் கொடுத்தார்கள்? இதையெல்லாம் கேட்க வெளிநாட்டிலிருந்து ஒருவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியிலும் எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரியிலும் படிக்கும் பிள்ளைகளில் பலர் டெய்லர் வீட்டுப் பிள்ளைகள்தான். ஒரு நோட்டும் போனில் ரெக்கார்டரும் போதும். தொடக்கத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். அப்பாவிடம்: முதல் மெஷினுக்குப் பணம் யார் கொடுத்தார்கள், எழுதி வாங்கினார்களா? அம்மாவிடம்: நீ செக்கிங் போன சம்பளம் சனிக்கிழமை கைக்கு வந்ததும் எதற்குப் போனது? தாத்தாவிடம்: தோட்டத்தில் கூட வேலை செய்தவர் பேர் என்ன, அவர் குடும்பம் இப்போது எங்கே இருக்கிறது?