ஓட்டுநரின் ஓய்வு

ஜெர்மனியின் மியூனிக் நகரினின்று இத்தாலியின் வெரோனா நகருக்குப் பேருந்தில் செல்வோர் ஒரே பகலில் மூன்று நாடுகளைக் காண்பர். நாமும் அவ்வாறே பயணம் செய்தோம். ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகருக்கப்பால், 1963-இல் திறக்கப்பெற்ற ஐரோப்பாப் பாலம் ஏறத்தாழ 190 மீட்டர் உயரத்தில் பள்ளத்தாக்கைத் தாண்டி நிற்கிறது. அதனைக் கடந்து மேலேறினால், சுமார் 1,370 மீட்டர் உயரத்திலுள்ள பிரென்னர் கணவாய். அதுவே இத்தாலியின் எல்லை.

மலையிறங்கிப் பொல்சானோ நகரையும் கடந்தபின், சாலையோர உணவகமொன்றில் பேருந்து நின்றது. “நாற்பத்தைந்து நிமிடம்” என அறிவித்தார் ஓட்டுநர். வெரோனாவில் இரயிலைப் பிடிக்க வேண்டிய சிலர் முணுமுணுத்தனர். பதினைந்து நிமிடத்தில் புறப்படலாகாதா என ஒருவர் கெஞ்சினார். ஓட்டுநர் புன்முறுவலுடன் மறுத்துவிட்டார்.

அவர் பிடிவாதக்காரர் அல்லர். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நான்கரை மணி நேரம் ஓட்டியவர் 45 நிமிடம் இளைப்பாறியே தீர வேண்டும். நாளொன்றுக்கு 9 மணி நேரமே ஓட்டலாம். வாரத்தில் இருமுறை மட்டும் 10 மணி நேரம். பேருந்திலுள்ள பதிவுக் கருவி அனைத்தையும் குறித்துக்கொள்கிறது. அதிகாரிகள் வழியில் நிறுத்திச் சோதிப்பதுமுண்டு.

தவறிய இரயிலுக்குப் பின் மற்றொன்று வரும். மலைச்சாலையில் ஒரு நொடி கண்ணயர்ந்தால் போகும் உயிர்கள் மீளா. ஒருவர் விழித்திருக்கிறார் என்னும் நம்பிக்கையிலன்றோ பேருந்தில் நாம் உறங்குகிறோம்? எந்நாட்டுச் சாலையிலாயினும், “இன்னும் விரைவாகப் போங்கள்” என ஓட்டுநரை நெருக்குமுன், அவர் எப்போது ஓய்வெடுத்தார் என்று கேட்போமாக.