விருந்தினர் அறையின் குளிர் போக்க...

உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் ஆகிய மலையூர்களில் வாழும் குடும்பங்களுக்கு டிசம்பர் பிறந்தால் இரண்டு வருகைகள் உறுதி. ஒன்று, உறைபனி. மற்றொன்று, அரையாண்டு விடுமுறைக்குச் சமவெளியிலிருந்து வரும் உறவினர்கள். வீட்டார் புழங்கும் அறைகளில் சமையலின் வெம்மையும் ஆட்களின் நடமாட்டமும் குளிரை ஓரளவு தடுத்து நிறுத்தும். ஆனால், ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும் அந்த உபரி அறை? சுவரெல்லாம் ஈரம் ஊறிச் சில்லிட்டிருக்கும். தஞ்சையிலிருந்தோ நாகூரிலிருந்தோ வந்திறங்கும் வயதான உம்மாவையும் கைக்குழந்தையையும் அந்த அறையில்தான் நாம் படுக்க வைக்கிறோம்.

குளிர் என்பது வெறும் அசௌகரியம் என்று எண்ணிவிட வேண்டாம். குளிர் நாடுகளிலும் குளிர் காலங்களிலும் வீட்டினுள் வெப்பம் 18 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் இருப்பது நலம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ஆம் ஆண்டு வெளியிட்ட வீட்டுநல வழிகாட்டி கூறுகிறது. முதியோருக்குக் குளிர் இரத்த அழுத்தத்தை ஏற்றும். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சிரைப்பைத் தூண்டும். ஆகவே, அந்த அறைக்கு இடம் மாற்றி வைக்கத்தக்க ஒரு ஹீட்டர் வாங்குவது ஆடம்பரமாகாது. எதை வாங்குவது, எப்படிப் பயன்படுத்துவது என்பதே கேள்வி.

முதலில் விலக்க வேண்டியது

கணப்புச் சட்டியில் அடுப்புக்கரி இட்டு, கங்கு கனிந்ததும் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் பழக்கம் இன்னும் நம்மிடையே இருக்கிறது. புகை அடங்கிவிட்டதே, இனி என்ன ஆபத்து என்று கேட்போர் உண்டு. ஆபத்து புகையில் மட்டுமில்லை. கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு வெளிவருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பிடிப்போடு அதனைப் பற்றிக்கொள்கிறது. பிராணவாயுவுக்கு இடமில்லாமற் போகிறது. விழித்திருப்பவருக்குத் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு தோன்றும். உறங்குபவர் அதனை உணர மாட்டார். உறக்கத்திலேயே உயிர் பிரிந்துவிடும். கரிச்சட்டியோடு உறங்கியோர் காலையில் எழவில்லை என்ற செய்தியை நீங்களும் நாளேடுகளில் படித்திருப்பீர்கள்.

சன்னலைச் சிறிது திறந்து வைத்தால் போதும் என்பதும் நம்பத்தக்க பாதுகாப்பன்று. மண்ணெண்ணெய் அடுப்புக்கும் சமையல் எரிவாயு அடுப்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். உறங்கும் அறையில் எரியும் நெருப்பு எதுவும் வேண்டாம். எவரேனும் இவ்வாறு மயங்கிக் கிடந்தால், கதவு சன்னல்களைத் திறந்து, அவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, உடனே 108-ஐ அழையுங்கள்.

அறையைச் சீர் செய்யுங்கள்

கடைக்குப் போகுமுன் அறையை ஒருமுறை சுற்றி வாருங்கள். கதவின் அடியில் விரல் நுழையும் இடைவெளி உண்டா? சன்னல் சட்டத்தில் கீறல் உண்டா? ஓட்டை வாளியில் நீர் நிரப்புவது போன்றதே, காற்று புகும் அறையில் ஹீட்டர் வைப்பது. பழந்துணியைச் சுருட்டிக் கதவடியில் இடுங்கள். கனத்த திரைச்சீலை தொங்கவிடுங்கள். வெறுந்தரையில் ஜமக்காளம் விரியுங்கள். விருந்தினர் வருவதற்கு ஒரு வாரம் முன்பே நண்பகல் வெயிலில் சன்னல்களைத் திறந்துவைத்து அறையை உலர்த்துங்கள்; மெத்தையையும் ரஜாயையும் வெயிலில் காயப் போடுங்கள். ஈரம் வற்றிய அறை விரைவில் சூடேறும்.

எவ்வளவு வாட் தேவை?

எட்டு அடி உயரமுள்ள அறைக்கு, சதுர அடிக்குப் பத்து வாட் என்பது ஒரு தோராயமான கணக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை என்றால் 120 சதுர அடி; 1,200 வாட் போதும். ஆனால் மலையூர்ப் பழைய வீடுகளின் மேற்கூரை உயரமானது. பல இடங்களில் தகரக் கூரை. அத்தகைய அறைக்கு 1,500 முதல் 2,000 வாட் வரை கொள்ளலாம்.

இங்கே ஓர் உண்மையை மனத்திற் கொள்ளுங்கள். மின்சார ஹீட்டர் எந்த வகையானாலும், ஆயிரம் வாட் மின்சாரம் ஆயிரம் வாட் வெப்பத்தைத்தான் தரும். “இது குறைந்த மின்சாரத்தில் இருமடங்கு சூடு தரும்” என்று கடைக்காரர் கூறினால் நம்பாதீர்கள். வேறுபாடு, அந்த வெப்பத்தை அது எவ்வாறு பரப்புகிறது என்பதில்தான் இருக்கிறது.

மூன்று வகைகள்

முதலாவது, கம்பிச்சுருள் அல்லது ஹாலோஜன் தண்டு சிவந்து ஒளிரும் வகை. விலை குறைவு. எதிரே அமர்ந்தவருக்கு உடனே இதம் கிடைக்கும். அறையின் காற்றோ மெதுவாகவே சூடேறும். நிறுத்திய மறுகணம் குளிர் திரும்பிவிடும். தொழுகைக்கு எழுந்தவர் சிறிது நேரம் குளிர்காய இது ஏற்றது. இரவெல்லாம் எரியவிட ஏற்றதன்று. நீரிழிவால் கால் மரத்துப்போனவர் இதன் அருகே அமர்ந்தால், தோல் வெந்துபோவதும் தெரியாது. கவனம் தேவை.

இரண்டாவது, விசிறி வைத்த ப்ளோயர். சிறிய அறையைப் பத்துப் பதினைந்து நிமிடங்களில் சூடாக்கிவிடும். எடுத்துச் செல்ல எளிது. ஆனால் இரைச்சல் உண்டு. மெல்லுறக்கம் உடைய முதியோருக்கு அது தொல்லை.

மூன்றாவது, ஆயில் ஹீட்டர். தகட்டு வரிசைகளுக்குள் எண்ணெய் அடைபட்டிருக்கும். அது எரிவதில்லை, மீண்டும் ஊற்ற வேண்டியதுமில்லை. அறை சூடேற அரைமணி முதல் ஒருமணி நேரம் பிடிக்கும். ஆனால் ஓசையில்லை, ஒளியில்லை; நிறுத்திய பின்னும் சிறிது நேரம் வெம்மை தங்கும். விலை அதிகம், கனமும் அதிகம். சக்கரங்கள் இருப்பதால் நகர்த்தலாம். படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால், நிமிர்த்திச் சிறிது நேரம் நிறுத்திய பின்னரே மின் இணைப்புக் கொடுங்கள்.

உறங்கும் அறைக்கு, அதிலும் முதியோரும் குழந்தைகளும் தங்கும் அறைக்கு, இம்மூன்றில் ஆயில் ஹீட்டரையே தேர்ந்தெடுக்கலாம். எதை வாங்கினாலும் நான்கைப் பாருங்கள்: ஐ.எஸ்.ஐ. முத்திரை, வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், மிகையாகச் சூடேறினால் அணைந்துவிடும் அமைப்பு, சாய்ந்து விழுந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் அமைப்பு. நேரம் குறிக்கும் டைமர் இருந்தால் இன்னும் நன்று.

“ஹீட்டர் அறையிலுள்ள பிராணவாயுவை எரித்துவிடும்” என்று சிலர் அஞ்சுகின்றனர். மின்சார ஹீட்டரில் எதுவும் எரிவதில்லை. காற்று சூடேறும்போது வறட்சியாகத் தோன்றும், அவ்வளவே. தொண்டை வறண்டால் வெப்பத்தைச் சற்றுக் குறையுங்கள். குடிக்க நீர் வையுங்கள்.

மின் இணைப்பில் கவனம்

2,000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். விளக்குக்கும் விசிறிக்கும் உரிய 6 ஆம்பியர் பிளக் இதனைத் தாங்காது. எர்த் இணைப்புள்ள 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். அந்த அறையில் அது இல்லையெனில், எலக்ட்ரீஷியனை அழைத்து வயரைச் சோதித்துப் பவர் பிளக் போட்ட பின்னரே ஹீட்டர் வாங்குங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. அரைமணி நேரம் ஓடிய பின் நிறுத்திவிட்டுப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். அது சுட்டால் இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள். வீட்டு இன்வெர்ட்டரிலும் ஹீட்டரை ஓட்ட முயல வேண்டாம். மின்வெட்டு வேளைக்கு வெந்நீர்ப் பையும் கூடுதல் கம்பளியும் எடுத்து வையுங்கள்.

கட்டிலிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் மூன்றடி தள்ளியே ஹீட்டர் நிற்கட்டும். ஈரத் துணியை அதன்மீது உலர்த்தாதீர்கள். தொழுகை விரிப்பை அதன் அருகே விரிக்காதீர்கள். குனிந்து நிமிரும்போது துப்பட்டாவின் ஓரம் படக்கூடும். குளியலறைக்குள் அதனைக் கொண்டுபோகவே கூடாது.

செலவு எவ்வளவு?

ஆயிரம் வாட் ஒருமணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 1,500 வாட் ஹீட்டரை இரவுக்கு நான்கு மணி நேரம் வீதம் பத்து நாள் ஓட்டினால், மிக அதிகமாக 60 யூனிட். தெர்மோஸ்டாட் இடையிடையே நிறுத்துவதால் இதனினும் குறையும். ஆனால் தமிழகத்தில் மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, யூனிட் கூடக் கூட விகிதமும் உயரும் முறையில் கணக்கிடப்படுகிறது. எனவே இரவெல்லாம் ஓட்ட வேண்டியதில்லை. உறங்கச் செல்வதற்கு ஒருமணி நேரம் முன்பு போட்டு, கண்ணயரும்போது நிறுத்தலாம். டைமர் இருந்தால், ஃபஜ்ருக்கு அரைமணி முன்பு அது தானே ஓடத் தொடங்குமாறு வைக்கலாம்.

கடைசியாக ஒன்று. விருந்தினர் வருவதற்கு முன் ஓர் இரவு நீங்களே அந்த அறையில் படுத்துப் பாருங்கள். எங்கிருந்து காற்று வருகிறது, எத்தனை கம்பளி தேவை என்பது அப்போதுதான் விளங்கும். அவர்கள் வந்ததும் ஹீட்டரை எப்படிப் போடுவது, எப்படி நிறுத்துவது என்று இயக்கிக் காட்டுங்கள். “குளிர்கிறது” என்று சொல்லக் கூச்சப்பட்டு விடிய விடிய நடுங்கிக் கிடக்கும் விருந்தினர் உண்டு. அவர் கேட்கும் வரை காத்திராமல், நாம் முந்திக்கொண்டு கேட்போம்.