தலையில் அடிபட்டவருக்கு நினைவாற்றல் டெஸ்ட்: பயம் மதிப்பெண்ணைக் குறைக்குமா?

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் உள்ளூர்க்காரர்களோடு ஒடிசா, பீகார், ஜார்க்கண்டில் இருந்து வந்தவர்களும் வேலை பார்க்கிறார்கள். ஆலையிலோ, ஷிஃப்ட் முடிந்து பைக்கில் திரும்பும்போதோ தலையில் அடிபட்டால் ஸ்கேனோடு விஷயம் முடிவதில்லை. ஞாபகம், கவனம், வேகம் முன்பு போல இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நரம்பு உளவியல் பரிசோதனை. மறுபடி மெஷினில் நிற்கலாமா, பாதிப்பு எவ்வளவு என்ற முடிவுகளுக்கு இதன் ரிசல்ட் உதவும்.

என்ன கேட்பார்கள்?

15 சொற்களைக் கேட்டுவிட்டுத் திரும்பச் சொல்ல வேண்டும். ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் வருகிறது என்று பார்ப்பார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2004இல் வெளியிட்ட பரிசோதனைத் தொகுப்பிலும் இவை உண்டு.

ரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்டினால் போதும். இங்கே அவரே முழு முயற்சி போட வேண்டும். 'தப்பா சொன்னா வேலை போயிடுமோ' என்ற பயம் இருந்தால் தெரிந்த பதிலும் வராது. அதனால்தான் பரிசோதிப்பவர் முதலில் நம்பிக்கையை உருவாக்க வேண்டும்.

ஆய்வு என்ன சொல்கிறது?

முன்பு லேசாகத் தலையில் அடிபட்ட அமெரிக்க மாணவர்களை வைத்து சுர், கன்ஸ்டாட் இருவரும் செய்த ஆய்வு 2002இல் வெளியானது. 'அடிபட்டதால்தான் உங்களை அழைத்தோம்' என்று சொல்லப்பட்டவர்கள், அப்படிச் சொல்லப்படாதவர்களைவிடக் குறைவாக மதிப்பெண் எடுத்தார்கள்.

மொழியும் படிப்பும்

பயம் போனாலும் கேள்வி புரிய வேண்டுமே! ஹரியானாவின் பல்லப்கரில் படிக்காத முதியவர்களுக்காக, ஆங்கில நினைவாற்றல் பரிசோதனை ஒன்றை 1990களில் இந்தியில் மாற்றி அமைத்தார்கள். 'ஒரு வாக்கியம் எழுதுங்க' என்பதற்குப் பதில், 'உங்க வீட்டைப் பத்தி ஏதாவது சொல்லுங்க' என்று கேட்டார்கள். எழுதத் தெரியாதது மூளைக் கோளாறு இல்லையே!

அன்பாகப் பேசினால் போதுமா?

போதாது. க்ளூ கொடுத்தாலோ, தலையாட்டி 'சரி' என்று காட்டிக்கொடுத்தாலோ மதிப்பெண் பொய்யாகிவிடும். பேச்சில் கனிவு, கேள்வியில் கறார், இரண்டும் வேண்டும்.

பரிசோதனைக்குப் போகிறீர்களா?

* எதற்காக டெஸ்ட், ரிசல்ட் யாருக்குப் போகும் என்று முதலிலேயே கேளுங்கள்.
* தாய்மொழி, படிப்பு பற்றிச் சொல்லிவிடுங்கள். மொழிபெயர்ப்பாளராக சூப்பர்வைசரோ கான்ட்ராக்டரோ வேண்டாம். அவர் முன்னால் மனசுவிட்டுப் பேச முடியாது.
* நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு போகாதீர்கள். கண்ணாடி, காது மெஷின் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்.
* புரியவில்லை என்றால் 'புரியல, மறுபடி சொல்லுங்க' என்று தயங்காமல் கேளுங்கள்.